எஞ்சிய மூன்றறிவு

(பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் இறுதி இயலாகிய மரபியல், உயிர்களை அவை பெற்ற அறிவின் எண்ணிக்கை கொண்டு வரிசைப்படுத்துகிறது. மெய்யால் உற்றறிவது முதலாவது, நாவால் சுவைத்தறிவது இரண்டாவது, மூக்கால் முகர்ந்தறிவது மூன்றாவது, கண் நான்காவது, செவி ஐந்தாவது, மனம் ஆறாவது. புல்லும் மரமும் ஓரறிவின. கரையானும் எறும்பும் மூவறிவின. நண்டும் தும்பியும் நாலறிவின. விலங்குகள் ஐயறிவின. இவ்வைப்புமுறை இவ்வவையோர் அறியாததன்று. ஆனால் ஐயறிவு பெற்ற ஓர் உயிர், முதுமையில் நான்காவதையும் ஐந்தாவதையும் இழந்து நின்றால் அதனை எந்த வரிசையில் வைப்பது? கணக்கின்படி பார்த்தால் எறும்பின் வரிசை. இவ்வினா ஏட்டிலிருந்து எழுந்ததன்று. கும்பகோணத்தை அடுத்த ஊரொன்றில், முற்றமும் கிணறும் உடைய பழைய வீடொன்றில், ஒரு கிழட்டுப் பெட்டை நாயை முன்வைத்து எழுந்தது.

அவ்வீட்டில் நால்வர். ஓய்வுபெற்ற பள்ளித் தமிழாசிரியை ஒருவர், அவர் மகன், மருமகள், ஒன்பது வயதுப் பேரன். நாயைக் கொண்டுவந்தவர் மருமகள். பேருந்து நிலையத்தில், பேருந்துகளுக்கு நடுவே ஒரே இடத்தில் வட்டமிட்டுக்கொண்டிருந்த நாயை யாரோ எடுத்துச் சென்று விலங்குக் காப்பகத்தில் சேர்த்திருந்தனர். பற்களைப் பார்த்து அகவை பன்னிரண்டு இருக்கலாம் என்றார்கள். ஆறு மாதமாக அது கூண்டில் கிடந்தது. மருமகள் அதன்முன் நின்றபோது, காப்பகத்துக் காவலர் வியந்திருக்கிறார். “இதையா கேக்குறீங்க? கண்ணும் தெரியாது, காதும் கேக்காதும்மா. அந்தப் பக்கம் குட்டிங்க நெறைய இருக்கு, பாருங்க.” அவர் மறுமொழி, “குட்டிங்களக் கேக்க ஆள் வருவாங்கண்ணே. இத யாரு கேப்பா?” என்பது.

பெண் நாய்க்கு மரபியல் தரும் பெயர் ‘பிணவு’. அப்பெயரையே வைக்கலாம் என்று ஆசிரியை முன்மொழிந்ததைப் பேரன் ஏற்கவில்லை. நிறத்தைப் பார்த்துச் ‘செவலை’ என்றான். கூப்பிட்டால் கேளாத நாய்க்குப் பெயர் எதற்கு என்று அவன் தந்தை நகைத்தார். பெயர் நாய்க்கன்று, வீட்டாருக்குத் தேவைப்பட்டது என்பது பின்னர்த் தெரிந்தது.

தமிழ்க் கவிதையில் நாய்க்கு இடம் இல்லாமலில்லை. ஞமலி என்றும் ஞாளி என்றும் வேட்டுவர் பின்னே அது சங்கப் பாடல்களில் ஓடுகிறது. நாலடியார், பாகனைக் கொல்லும் யானையின் நட்பினும், எறிந்த வேல் உடலில் நிற்க வாலைக் குழைக்கும் நாயின் நட்பு மேலென்கிறது. மாணிக்கவாசகர் தம்மையே நாயினும் கடைப்பட்டவராகச் சொல்லிக்கொண்டார். வேட்டைத் துணை, நன்றியின் சின்னம், தாழ்மைக்கு உவமை ஆகிய இம்மூன்றில் அடங்கிவிடுகிறது நாய். பாரதத்தில் மட்டும், தன்னைப் பின்தொடர்ந்த நாயை விட்டு விண்ணுலகு புகேன் என்று தருமன் நிற்கிறான். அங்கும் அந்நாய் நோயின்றி நடந்து வருகிறது. கிரேக்கத்து ஓமர் பாடிய ஆர்கசு என்னும் கிழநாய், எழமாட்டாமல் குப்பைமேல் கிடந்தபடியே, இருபதாண்டு கழித்து வந்த தலைவனை அறிந்து வாலசைத்து உயிர்விடுகிறது. அதுவே முதுமையுற்ற நாய்க்கு இலக்கியம் தந்த பெரிய இடம். ஆயினும் ஆர்கசுக்கு எவரும் சோறு வைத்ததாகவோ உண்ணி எடுத்ததாகவோ அக்காவியத்தில் இல்லை. கவனிப்பாரற்றுக் கிடந்தது என்பதே அதன் செய்தி. நாயின் நன்றியைப் பாடிய கவிஞர்கள், கிழநாயைப் பேணும் அன்றாட வேலையைப் பாடவில்லை. அவ்வேலை பாட்டுக்கு உதவாது என்று எண்ணினார்கள் போலும்.

செவலை வந்த முதல் மூன்று நாள் சுவரில் முட்டியது. நான்காம் நாள் முட்டுவதற்கு ஒரு விரற்கடை முன்பே நின்றது. நாயின் மூக்கருகிலும் புருவத்திலும் தாடையிலும் உள்ள தடித்த மயிர்கள் வெறும் மயிரல்ல. ஒவ்வொன்றின் வேரிலும் நரம்பு செறிந்துள்ளது. மனிதனுக்கு விரல்நுனி எப்படியோ அப்படி நாய்க்கு அவை. அவற்றால் சுவரைத் தடவித் தடவி, பத்து நாளில் தாழ்வாரத்திலிருந்து முற்றம், முற்றத்திலிருந்து அடுக்களை வாயில் என ஒரு வழியைச் செவலை தனக்கென வகுத்துக்கொண்டது. அவ்வழியில் ஒரு நாற்காலியை நகர்த்தி வைத்தாலும் அதன் உலகம் குலைந்தது. தூக்கி வேறிடத்தில் விட்டால், தான் எங்கிருக்கிறோம் என்பதறியாது வட்டமிட்டது. ஆகவே தூக்க நேர்ந்தால் எப்போதும் ஒரே பாயின்மேல்தான் இறக்கவேண்டும் என்று வீட்டில் முடிவாயிற்று.

பன்னிரண்டாம் நாள் அது பேரனைக் கடித்தது.

பள்ளியிலிருந்து வந்த பையன், உறங்கிக்கொண்டிருந்த நாயின் பின்புறத்தை அன்போடு தடவினான். நாய் துள்ளியெழுந்து கையைக் கவ்வியது. தோல் கிழிந்தது. ஓடும் நீரில் வழலை இட்டுப் பதினைந்து நிமிடம் புண்ணைக் கழுவி, மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றனர். வெறிநாய்க்கடித் தடுப்பூசிகள் முறைப்படி போடப்பெற்றன. அன்றிரவு மகன் உறுதியாகச் சொன்னார்: “நாளைக்கே கொண்டுபோய் விட்டுடலாம்மா. புள்ள கையக் கடிச்ச நாய வீட்ல வெச்சுக்க முடியாது.” அவர் சொன்னதில் தவறில்லை. திருப்பி விட்டால் அதை வேறெவரும் எடுக்கப்போவதில்லை, ஊசியோ கூண்டோதான் முடிவு என்பதும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மருமகள் பேசவில்லை. கொண்டுவந்தவர் அவர் என்பதால் பேச நா எழவில்லை. ஆசிரியைதான் சொன்னார்: “ஒரு மண்டலம் பொறுடா. நாப்பத்தெட்டு நாள். அதுக்குள்ள அது மாறலைன்னா நானே ஒங்கூட வரேன்.”

கால்நடை மருத்துவர் நாயைப் பழக்குவது பற்றி முதலில் ஒரு சொல்லும் சொல்லவில்லை, நோயைத்தான் தேடினார். முதிய நாய்களின் கண்மணியில் நீலம் பாய்ந்ததுபோல் ஒரு மங்கல் தோன்றுவதுண்டு. அது பெரும்பாலும் வயதின் இயல்பேயன்றிக் குருடன்று. பலர் அதைக் கண்டு புரை என்று மயங்குவர். செவலையின் வலக்கண்ணில் இருந்ததோ முற்றிய புரை. இடக்கண்ணில் இருந்தது வேறு. உள்ளே நீரழுத்தம் மிகுந்து, பார்வை போனபின்னும் வலி போகாத நோய் அது. காணாத கண், ஆயினும் இரவும் பகலும் குத்தும் கண். மறுவாரம் அக்கண்ணை அறுவை செய்து எடுத்தனர். புண் ஆறியபோது நாயின் முகம் தளர்ந்திருந்ததை வீட்டார் கண்டனர். கடிக்கும் நாயைத் திருத்தப் புறப்படுவோர் பலர், அதற்கு எங்கே வலிக்கிறது என்று கேட்பதில்லை. காதைப் பொறுத்தவரை செய்வதற்கு ஒன்றுமில்லை. உட்செவியின் நுண்ணிழைகள் முதுமையால் அழிந்தபின் அவை மீள்வதில்லை.

பின்னர் மருத்துவர் கடித்ததற்கு விளக்கம் சொன்னார். கண்ணும் காதும் உள்ள உயிருக்கு எந்தத் தீண்டலும் முன்னறிவிப்போடு வருகிறது. காலடி கேட்கிறது, நிழல் தெரிகிறது. இந்நாய்க்கோ ஒவ்வொரு தீண்டலும் இன்மையிலிருந்து வருகிறது. அது பகைமையால் கடிக்கவில்லை, அச்சத்தால் கடித்தது. அச்சத்தை அடித்துத் தீர்க்க முடியாது. தீண்டலுக்கு வேறொரு பொருளைக் கற்பிக்கத்தான் முடியும்.

கற்பித்த முறை இது. முதலில் கையை நாயின் மூக்குக்கு முன்னே ஒரு சாண் தொலைவில் நீட்டி, மணம் சென்று சேரும்வரை காத்திருப்பது. நாயின் மூக்கில் மணமறியும் அணுக்கள் இருபது கோடிக்கு மேல். மனிதனுக்கு ஐம்பது, அறுபது இலட்சம். கை தொடுமுன்பே ஆள் இன்னாரென்று அதற்குத் தெரிந்துவிடுகிறது. நாசி அசைந்ததும் வலத்தோளில், எப்போதும் அதே இடத்தில், மெல்லத் தொடுவது. தொட்ட அக்கணமே வேகவைத்த கோழித் துணுக்கொன்றை வாயருகே கொடுப்பது. மணம், தீண்டல், சுவை. இவ்வரிசை மாறக்கூடாது. ஒருவேளைக்கு ஏழெட்டு முறை, நாளுக்கு நான்கு வேளை. விழித்திருக்கையில் பழகியபின் அரைத்தூக்கத்தில், அதன்பின்னரே ஆழ்ந்த தூக்கத்தில். தூக்கத்தில் எழுப்பக் கையை மூக்கருகே வைத்துக் காத்திருப்பதே போதும் என்று கண்டனர். காலால் தரையைத் தட்டி அதிர்வால் எழுப்பலாம் என்பர் சிலர். பலகைத் தரையில் அது செல்லும், சிமெந்துத் தரையில் அவ்வளவாகச் செல்லாது.

எஞ்சிய மூன்றறிவும் தொல்காப்பியர் முதலில் வைத்த மூன்றறிவுமே இங்குப் பாடமாயின என்பதை ஆசிரியை ஒருநாள் உணர்ந்தார். உணர்ந்தபின் அவர் வேறொன்றையும் அறியவந்தார். நாய்க்குருளை பிறக்கும்போது கண்ணும் மூடியிருக்கிறது, செவியும் மூடியிருக்கிறது. தீண்டலும் சுவையும் மணமும் கொண்டே அது தாயின் மடியைத் தேடிச் சேர்கிறது. அமெரிக்க ஆய்வாளர்கள் ஸ்காட்டும் புல்லரும் 1965இல் வெளியிட்ட நூலில், கண் ஏறத்தாழ 13ஆம் நாள் திறப்பதையும், ஒலிக்குத் திடுக்கிடுதல் 19, 20ஆம் நாளளவில் தொடங்குவதையும் பதிவு செய்துள்ளனர். முதல் மூன்று, பின் கண், அதன்பின் செவி. இதைக் கொண்டு தொல்காப்பியர் விலங்கியல் ஆய்வு நடத்தினார் என்று கொண்டாடப் புறப்படுவது வேண்டாத வேலை. அவர் நோக்கம் வேறு. ஆயினும் கடைசியில் வந்த இரண்டும் போனபின், செவலை நின்ற இடம் எறும்பின் இடமன்று. தன் பிறப்பின் முதல் பத்து நாளில் அது நின்ற இடம். அந்த இடத்தில் வாழ அது ஒருமுறை கற்றிருந்தது. சில விலங்குகளுக்கு ஆறாவது அறிவும் உண்டென்று கொள்ள மரபியலில் இடமிருப்பதையும் ஆசிரியை மருமகளுக்கு எடுத்துக்காட்டினார்.

இருபதாம் நாளளவில் குறிகளைக் கற்பிக்கத் தொடங்கினர். தோளில் இருமுறை தட்டினால் ‘நன்று’. முதுகெலும்பின் இறுதியில் விரலை அழுத்தினால் ‘உட்கார்’. தாடையின்கீழ் விரலை வைத்து முன்னே இழுத்தால் ‘வா’. நெஞ்சில் உள்ளங்கையைப் பதித்தால் ‘நில்’. முதல் மூன்றையும் இரு வாரத்தில் பற்றிக்கொண்ட நாய், ‘நில்’ என்பதை மட்டும் கற்கவில்லை. தொட்ட கை அன்பின் கை என்று கற்றபின், அக்கை தடுப்பதை அது புரிந்துகொள்ளவில்லை. கிணற்றடி உள்ள வீட்டில் அந்த ஒரு குறிதான் உயிரைக் காப்பது. கிணற்றுக்குக் கம்பி மூடி போட்டனர் எனினும் அதையே நம்பியிருக்க எவரும் விரும்பவில்லை.

முப்பதாம் நாளில் பாடம் பின்னோக்கிப் போனது. உட்கார் என்றால் நின்றது, வா என்றால் விலகியது. நாய்க்கு மூளை தளர்ந்துவிட்டதோ என்று அஞ்சினர். முதிய நாய்களுக்கு அதுவும் வருவதுண்டு. ஆசிரியை இரண்டு நாள் திண்ணையில் அமர்ந்து நாயைப் பார்க்கவில்லை, வீட்டாரைப் பார்த்தார். மகன் இரங்கி நாயைத் தொடத் தொடங்கியிருந்தார். ஆனால் தலையில் தட்டினார். மருமகள் அவசரத்தில் இடத்தோளைத் தொட்டார். பேரன் தானாக இரண்டு குறிகளைப் படைத்திருந்தான். அன்று இரவு உணவின்போது ஆசிரியை சொன்னது, இவ்வவையில் சொல்லத்தக்கது: “ஆளுக்கொரு இலக்கணம் வெச்சுக்கிட்டா, அது எந்த மொழியத்தான் கத்துக்கும்?” பேரன் வெட்கி, தன் குறிகளை அழித்துவிட்டு, நான்கு குறிகளையும் படம் வரைந்து அடுக்களைக் கதவில் ஒட்டினான். தொடுமுன் அதைப் பார்க்காமல் எவரும் தொடக்கூடாது என்பது சட்டம். மரபு என்ற சொல்லுக்குப் பல்கலைக்கழகங்களில் தரப்படும் விளக்கங்கள் பலவற்றினும் அக்கதவில் ஒட்டிய தாள் தெளிவானது.

இவ்விடத்தில் எலன் கெல்லரை நினையாதிருக்க இயலாது. பத்தொன்பது மாதக் குழந்தையாக இருக்கையில் நோயால் கண்ணும் செவியும் இழந்த அவர், 1887 மார்ச்சு 3ஆம் நாள் ஆன் சல்லிவன் வந்து உள்ளங்கையில் எழுத்துகளை எழுதும்வரை பெயர்களற்ற உலகில் இருந்தார். அவ்வீட்டில் பெல் என்றொரு நாய் இருந்தது; வயது முதிர்ந்தது, கணப்பருகே உறங்குவது. ஆசிரியை வருவதற்கு முன்பே அந்நாய்க்குத் தம் சைகைகளைக் கற்பிக்க முயன்றதாகவும், அது கவனம் கொள்ளவில்லை என்றும் 1903இல் வெளிவந்த தம் நூலில் எலன் எழுதியுள்ளார். ஆசிரியை வந்து பொம்மை என்னும் சொல்லை எழுதக் கற்பித்ததும், சிறுமி அதே நாயின் பாதத்தைப் பற்றி அச்சொல்லை எழுதிப் பார்த்ததைச் சல்லிவன் கடிதமொன்றில் குறித்தார். தனக்குக் கிடைத்த மொழியை அடுத்த உயிருக்குக் கொடுக்கப் பார்த்தது அக்குழந்தை. பெல்லுக்குக் கண்ணும் காதும் நன்றாக இருந்தன. அதற்கு அம்மொழி தேவைப்படவில்லை. செவலைக்குத் தேவைப்பட்டது.

வீடும் மாறிற்று. கிணற்றைச் சுற்றித் தேங்காய்நார் விரிப்பு. படிகளுக்கு முன் சாக்கு. கால் மாற்றத்தை உணர்ந்ததும் நிற்கவேண்டும் என்று ‘நில்’ குறியோடு சேர்த்துப் பழக்கினர். தண்ணீர்ச் சட்டியருகே வெட்டிவேர்க் கொத்து ஒன்றைத் தொங்கவிட்டனர். இடத்துக்கொரு மணம் வைக்கலாம் என்று தொடங்கி, மணம் கூடினால் குழப்பம் கூடும் என்று கண்டு, வெட்டிவேரோடு நிறுத்திக்கொண்டனர். கற்பூரமும் அந்துருண்டையும் நாய்க்கு நஞ்சாதலால் எட்டாத உயரத்துக்குச் சென்றன. வெள்ளிக்கிழமை சாம்பிராணிப் புகை போட்டால் அன்று செவலை வழி தவறியது. மூக்கே கண்ணான உயிருக்குச் சாம்பிராணி மூடுபனி. ஆசிரியை அதைப் பூசையறைக்குள், கதவைச் சாத்திக்கொண்டு போடலானார். இட்லிக்கு மாவரைக்கும் இயந்திரம் ஓடும்போது மட்டும், அதன் மேடையை ஒட்டி நாய் தாடையைத் தரையில் வைத்துப் படுத்துக்கொள்ளும். அவ்வதிர்வு அதற்கு என்னவாக இருந்தது என்று எவர் சொல்ல இயலும்? கேட்பதற்கு மிக அண்மையான ஒன்றாக இருந்திருக்கலாம்.

நாற்பத்தாறாம் நாள் செவலை கிணற்றை நோக்கி நடந்தது. நார் விரிப்பில் முன்கால் பட்டதும் நின்றது. யாரும் அருகில் இல்லை. நெஞ்சில் கை வைக்க ஆளில்லை. அடுக்களையிலிருந்து மருமகள் பார்த்துக்கொண்டிருந்தார். நாய் சிறிது நேரம் நின்று, திரும்பி, தன் பாய்க்குச் சென்றது. “அத்தை, நின்னுடுச்சு” என்றார் அவர். அதற்குமேல் அவரால் பேச இயலவில்லை. மண்டலம் முடிந்த அன்று மகன் அப்பேச்சை எடுக்கவே இல்லை. மார்பில் பூட்டும் வாரொன்றை வாங்கி வந்திருந்தார். அதில், கண்ணும் காதும் இல்லை என்ற செய்தியும் வீட்டுத் தொலைபேசி எண்ணும் தைத்த பட்டையும் இருந்தது.

செவலை அவ்வீட்டில் இரண்டாண்டும் நான்கு மாதமும் வாழ்ந்தது. இடையில் ஆசிரியைக்கும் செவி மந்தமாயிற்று. பேரன் பாட்டியின் பின்னால் வந்து கத்துவதை விட்டு, முன்னால் வந்து, தோளில் தொட்டுவிட்டுப் பேசுவான். “என்னடா, என்னையும் செவலையா ஆக்கிட்டியா?” என்று அவர் சிரித்ததுண்டு, சில நாள் சிரிக்காததும் உண்டு.

இறுதியில் சிறுநீரகங்கள் செயலிழந்தன. முதலில் உணவு வேண்டாமற் போயிற்று. கோழித் துணுக்கை முகர்ந்து முகத்தைத் திருப்பிக்கொண்டது. சுவை போயிற்று. சில நாளில் கையை மூக்கின்முன் நீட்டினாலும் நாசி அசையவில்லை. ஊசி போட மருத்துவர் வீட்டுக்கே வந்தார். மகன் அலுவலகம் செல்லவில்லை. பையன் பாயருகே அமர்ந்து, வழக்கப்படி கையை முதலில் மூக்கின்முன் நீட்டி, சிறிது காத்திருந்து, பின்னர் வலத்தோளில் இருமுறை தட்டினான். வாலின் நுனி அசைந்தது. மருந்து முழுதும் ஏறும்வரை அவன் தட்டிக்கொண்டே இருந்தான்.